25 மில்லிமீட்டர் தகடும் 1.3 மில்லிமீட்டர் நிப்பிளும்

ஆலைகளில் குழாய் வேலையை மேற்பார்வை செய்கிறவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: பிளைண்ட் ஃபிளேஞ்சில் கை வைக்கக் கூடாது. குழாயின் முனையை அடைத்து நிற்கும் அந்த முழுத் தகட்டில் டிரில் பிட் இறங்கிவிட்டால் பலம் போயிற்று, ரேட்டிங் போயிற்று, கூடவே வந்த டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் வெறும் காகிதம். பிரஷர் கேஜ் மாட்ட வேண்டுமா, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வென்ட் வேண்டுமா, தண்ணீரை வடிக்க டிரெய்ன் வேண்டுமா, உள்மரையுள்ள குட்டைக் குழாய்த் துண்டான ஹாஃப் கப்ளிங்கை வெல்டு செய்துகொள். தகட்டில் மரை மட்டும் வெட்டாதே. பல கன்சல்டன்ட் அலுவலகங்களின் ஸ்பெசிஃபிகேஷனில் இது ஒற்றை வரி. காரணம் கேட்டால் வருவதும் ஒற்றை வரிதான்: "ஓட்டை போட்டா வீக் ஆயிடும் சார்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. முழுத் தகட்டைவிட ஓட்டைத் தகடு பலவீனம் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒப்புக்கொள்ளும். ஆனால் எவ்வளவு பலவீனம், மிஞ்சும் பலம் எதற்குப் போதாது என்ற அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் இந்த விதி இத்தனை காலம் ஓடியிருக்காது. தவறான விதி என்பதோடு போனால் பரவாயில்லை. பயப்பட வேண்டிய இடத்திலிருந்து கண்ணை எடுத்து, பயப்படத் தேவையில்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது, கோளாறு அதுதான்.

முதலில் ஒரு எளிய சங்கதி. வெல்டு செய்வதாக இருந்தாலும் தகட்டில் துளை போட்டே ஆக வேண்டும். ஹாஃப் கப்ளிங்கை முழுத் தகட்டின் மேல் ஒட்டவைத்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் கேஜுக்கு எப்படி வரும்? ஆக, "ஓட்டை போட்டால் வீக்" என்று சொல்பவர் பரிந்துரைக்கும் மாற்றிலும் அதே ஓட்டை இருக்கிறது. கேஜ் மாட்டும் ஹாஃப் கப்ளிங்கின் உட்புறத்தில் இருப்பதும் அதே அரை இஞ்ச் மரைதான். ஓட்டையும் தப்பவில்லை, மரையும் தப்பவில்லை. நடுவில் ஒரு வெல்டிங் கூடுதலாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கப்ளிங்கின் உலோகம் துளையைச் சுற்றிப் பலம் சேர்க்கிறதே என்று வாதிடலாம். சேர்க்கிறதுதான். அந்தக் கூடுதல் பலம் தேவையா என்பதுதான் கேள்வி.

உலகம் முழுக்கக் குழாய் ஃபிளேஞ்சுகளுக்கு அளவுகோலாக இருப்பது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.இ. பி16.5. அரை இஞ்ச் முதல் 24 இஞ்ச் வரையிலான ஃபிளேஞ்சுகள் இதற்குள் அடக்கம். மரை வெட்டிய பிளைண்டைப் பற்றி இந்தத் தரநிலை மௌனம் சாதிக்கவில்லை, தடையும் சொல்லவில்லை. மாறாக, எந்த அளவு ஃபிளேஞ்சில் எந்த அளவு துளை வரை வெறும் பிளைண்டே போதும், எந்த அளவிலிருந்து கழுத்துள்ள, அதாவது ஹப் வைத்த ஃபிளேஞ்ச் வேண்டும் என்று ஒரு அட்டவணையே போட்டிருக்கிறது. 3 இஞ்ச் ஃபிளேஞ்சில் ஒன்றேகால் இஞ்ச் துளை வந்தால் ஹப் வேண்டும். 4 இஞ்சில் ஒன்றரை. 6 இஞ்சில் இரண்டரை. 8 இஞ்சில் 3. 24 இஞ்சில் 4. அதற்குக் கீழே இருப்பதற்குத் தரநிலையே ஒரு உதாரணமும் தருகிறது: 300 கிளாஸ் அழுத்த வகுப்பில் 6 இஞ்சுக்கு 2 இஞ்ச் மரைத் துளை வேண்டுமானால், வழக்கமான 6 இஞ்ச் பிளைண்டை எடுத்து அதில் 2 இஞ்ச் டேப்பர் பைப் மரையை வெட்டிக்கொள்.

இரண்டு இஞ்ச்! நம் ஊரில் சண்டை நடப்பதோ அரை இஞ்சுக்கும் முக்கால் இஞ்சுக்கும்.

புத்தகம் சொன்னது போதாது என்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. 150 கிளாஸ், 6 இஞ்ச் பிளைண்டை எடுத்துக்கொள்வோம். விட்டம் 279 மி.மீ., முகப்பு மேட்டையும் சேர்த்துத் தடிமன் 25.4 மி.மீ. ஏ105 கார்பன் ஸ்டீல் ஃபோர்ஜிங் என்றால் சாதாரண வெப்பநிலையில் தாங்க வேண்டிய அழுத்தம் 19.6 பார். கேஸ்கெட்டின் நடுவட்டத்தை 200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்த அழுத்தத்தால் மட்டும் தகட்டின் மையத்தில் எழும் வளைவு ஸ்ட்ரெஸ் 40 மெகாபாஸ்கலை ஒட்டி வரும். ஏ105 நெளியத் தொடங்கும் எல்லை 250 மெகாபாஸ்கல். மையத்தில் ஒரு சிறு துளை போட்டால் துளையின் விளிம்பில் ஸ்ட்ரெஸ் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வெகு தூரம் பாக்கி.

இந்தக் கணக்கில் ஒன்று விடுபடுகிறது என்று கூர்மையான ஆள் ஒருவர் கையைத் தூக்குவார், தூக்கத்தான் வேண்டும். போல்ட்டை இறுக்குவதாலும் தகடு வளைகிறது. அழுத்தம் வளைக்கும் அதே திசையில்தான் வளைகிறது. அதுவும் அழுத்தத்தைவிட அதிகமாகவே வளைக்கலாம். அதையும் கூட்டினால் துளையின் விளிம்பில் எண்ணிக்கை கணிசமாக ஏறும், சில இடங்களில் நெளிவு எல்லையையும் தொடும். ஆனால் அந்த உச்சம் துளையை ஒட்டிய சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவது. கார்பன் ஸ்டீல் கண்ணாடி அல்ல. அந்த இடத்தில் இம்மி நெளிந்து சுமையைப் பக்கத்து உலோகத்துக்குக் கைமாற்றிவிடும். அழுத்தம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்காத வரை இதில் சிக்கல் இல்லை.

அழுத்தக் கலங்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. தொகுப்பின் எட்டாம் பிரிவும் இதே வழியில்தான் போகிறது. தட்டையான மூடியில் 10 மி.மீ.க்கு மேல் தடிமன் இருந்து, துளை 60 மி.மீ.க்கு மிகாமல், மூடி விட்டத்தில் கால் பங்குக்கும் மிகாமல் இருந்தால், துளைக்கு ஈடுகட்டும் வலுவூட்டல் கணக்கே தேவையில்லை என்கிறது அது. அழுத்தம் வேகமாக ஏறி இறங்கும் இடங்களை மட்டும் விலக்கி வைக்கிறது. அரை இஞ்ச் மரைக்குப் போடும் துளை 18 மி.மீ. சொச்சம்.

அதே ஃபிளேஞ்சில் போல்ட்டுகளுக்காக ஏற்கனவே எட்டுத் துளைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 22 மி.மீ. கேஸ்கெட்டுக்கு வெளியே இருப்பதால் அவற்றின் கதை வேறு என்பது உண்மைதான். ஆனாலும் எட்டுப் பெரிய துளைகளைக் கண்டு கவலைப்படாத கண், நடுவில் ஒரு சின்னத் துளையைக் கண்டதும் கலவரப்படுவது வேடிக்கை.

இனி, எங்கே பயப்பட வேண்டும் என்ற விஷயம்.

மரை வெட்டிய துளைக்குள் ஒரு நிப்பிள் ஏறுகிறது. அரை இஞ்ச், ஷெட்யூல் 40 குழாய்த் துண்டு என்று வைத்துக்கொள்வோம். கடையில் கைக்கு முதலில் அகப்படுவது அதுதான். சுவர் தடிமன் 2.77 மி.மீ. அதன் மேல் வெட்டப்படும் அமெரிக்க வகை டேப்பர் மரையான என்.பி.டி.யின் ஆழம் 1.45 மி.மீ. வரை போகும். மரையின் அடிப்பள்ளத்தில் மிஞ்சுவது 1.3 மி.மீ. உலோகம். ஒரு பக்கம் 25 மி.மீ. தகடு, இன்னொரு பக்கம் தபால் அட்டைகள் நான்கைந்தை அடுக்கிய கனத்துக்கு ஒரு குழாய்ச் சுவர். அதுவும் வி வடிவப் பள்ளம் விழுந்த சுவர். அதன் நுனியில் ஏறத்தாழ இரண்டு கிலோ எடையுள்ள வால்வு, அதற்கு மேல் கேஜ். பக்கத்தில் பம்ப் ஓடுகிறது. எது முதலில் உடையும் என்று சொல்லப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் கேட்பது தகட்டைப் பற்றி.

ஆலைக் குழாய்களுக்கான பி31.3 விதித் தொகுப்பு இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஒன்றரை இஞ்ச் வரையிலான கார்பன் ஸ்டீல் குழாயில் வெளிமரை வெட்டுவதானால் குறைந்தது ஷெட்யூல் 80 வேண்டும் என்கிறது. அரை இஞ்சில் ஷெட்யூல் 80 என்றால் சுவர் 3.73 மி.மீ.; மரை போக 2.3 மி.மீ. மிஞ்சும். ஷெட்யூல் 160 போட்டால் 3.3 மி.மீ. அதாவது ஷெட்யூல் 40-ல் மிஞ்சுவதைப்போல் இரண்டரை மடங்கு. நிப்பிளின் விலையில் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. பிளைண்டில் மரை வெட்டத் தடை போட்ட ஸ்பெசிஃபிகேஷன்கள், அந்த ஹாஃப் கப்ளிங்கில் ஏறப்போகும் நிப்பிளின் ஷெட்யூலைச் சொல்ல மறந்துவிடுவது சர்வசாதாரணம்.

அதிர்வு என்ன செய்யும் என்பதற்கு வட கடல் சாட்சி. அங்கே பிரிட்டனின் எல்லைக்குட்பட்ட எண்ணெய் மேடைகளில் நடந்த ஹைட்ரோகார்பன் கசிவுகளில் 20 சதவீதத்துக்கு மேல் குழாய் அதிர்வினாலும் அதனால் வரும் உலோகச் சோர்வினாலும் நேர்ந்தவை என்று அந்நாட்டு உடல்நலப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தரவுகள் காட்டின. அதை முன்வைத்துத்தான் எனர்ஜி இன்ஸ்டிட்யூட் 2008-ல் குழாய் அதிர்வுக்கென்றே தன் வழிகாட்டி நூலைப் புதுக்கி வெளியிட்டது. பெரிய குழாயிலிருந்து கிளைக்கும் சின்னக் குழாய்களுக்கு அதில் தனி இடம். அங்கே உடைவதெல்லாம் மரை அல்ல. வெல்டின் விளிம்பிலும் விரிசல் விடும். பெரிய குழாயில் வெல்டு செய்த கிளையும் போதிய தாங்கல் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் ஒரு நாள் வெல்டின் ஓரத்தில் அறும். "வெல்டு செய்துவிட்டோம், இனிக் கவலை இல்லை" என்பது இந்தத் துறையின் இரண்டாவது மூடநம்பிக்கை.

பிளைண்ட் ஃபிளேஞ்ச் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய விபத்து ஒன்று உண்டு. 1988 ஜூலை 6, பைப்பர் ஆல்ஃபா. கண்டன்சேட் பம்ப் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் பிளைண்ட் ஃபிளேஞ்ச் மாட்டியிருந்தது. இரவு ஷிஃப்டில் இருந்தவர்களுக்கு வால்வு இல்லாத சேதி போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். கசிவு, வெடிப்பு, தீ. 167 பேர் மாண்டார்கள். விசாரணை நடத்திய கல்லன் பிரபு, அந்த பிளைண்ட் கசியாத அளவுக்கு இறுக்கப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அந்தத் தகட்டில் யாரும் மரை வெட்டவில்லை. முழுத் தகடு. தகடு உடையவும் இல்லை. கோட்டை விட்டது இணைப்பிலும், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாற வேண்டிய தகவலிலும்.

வெல்டிங்கின் பக்கம் திரும்புவோம். அது என்னவோ விலையில்லாத பாதுகாப்பு என்பதுபோல் பேசுகிறார்கள். ஒரு சின்ன கப்ளிங்கை வெல்டு செய்ய, எழுதித் தேறிய வெல்டிங் முறை வேண்டும். அந்த முறையில் தேர்ச்சி பெற்ற வெல்டர் வேண்டும். தடிமனைப் பொறுத்து முன்சூடு வேண்டும். முடிந்தபின் டை பெனட்ரன்ட் சோதனை வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் சூடு தன் வேலையைக் காட்டும். பிளைண்டின் முகத்தில் கேஸ்கெட் உட்காரும் வளையம் 3.2 முதல் 6.3 மைக்ரான் சொரசொரப்புக்குள் நுண்ணிய வரிகளாகக் கடையப்பட்டது. மெல்லிய தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வெல்டு ஓட்டினால் தகடு வெல்டின் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்த முகத்தின் சமதளம் கெடும். பிறகு கேஸ்கெட் கசிகிறது என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்குவார்கள். ரேடியல் டிரில்லிங் மெஷினில் குளிராகப் போடும் துளைக்கு இந்த வம்பு எதுவும் இல்லை.

மரையை வெட்டிவிட்டு அதன் மேல் "சீல் வெல்டு" ஓட்டுகிற நடுவழியும் ஒன்று இருக்கிறது. அதைத் தடுப்பதற்கில்லை, விதித் தொகுப்பில் அதற்கு இடம் உண்டு. வெளியே தெரியும் மரை முழுவதையும் வெல்டு மூட வேண்டும், பலத்தின் கணக்கில் அந்த வெல்டைச் சேர்க்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். நடைமுறையில் நடப்பது வேறு: டெஃப்ளான் நாடா சுற்றி முறுக்கி, டெஸ்டில் கசிந்தது என்று தெரிந்தபின், அதே நாடாவின் மேலேயே வெல்டு. நாடா எரிந்து வாயுவாகி வெல்டுக்குள் குமிழ் குமிழாகத் துளை விடும். வெல்டர் சுவாசிப்பது அந்தப் புகையைத்தான். டெஃப்ளான் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்பது மருத்துவ நூல்களில் இருக்கும் சங்கதி.

சரி, வெட்டுகிற மரை ஒழுங்காக வெட்டப்படுகிறதா? தடை ஆதரவாளர்களின் சார்பில் நியாயமாக வாதாட வேண்டுமானால் இங்கேதான் வாதாட வேண்டும். அவர்கள் வாதாடுவதில்லை.

திருச்சி துவாக்குடியிலோ அம்பத்தூரிலோ கோவையிலோ ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிளைண்டை மெஷின் மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று. சென்டர் பஞ்ச், சின்ன பிட், பெரிய பிட், துளை தயார். டேப்பைக் கைப்பிடியில் மாட்டிக் கட்டிங் ஆயில் விட்டு இறக்குகிறார் ஃபிட்டர். அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே, சுருள் முறியட்டும் என்று. பழகிய கை, வேலை அழகாகவே நடக்கிறது. சிக்கல் எங்கே நிறுத்துவது என்பதில்.

"அண்ணே, எவ்வளவு இறக்கணும்?"

"நிப்பிளப் போட்டுப் பாருடா. நாலு சுத்துக் கையில போச்சுன்னா போதும்."

பைப் மரை நேர் மரை அல்ல. 16-க்கு 1 என்று சரிந்து போகும் டேப்பர். டேப் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு துளை அகன்றுகொண்டே வரும். அரை இஞ்ச் மரையில் ஒரு சுற்று என்பது 1.8 மி.மீ.; சுற்றுக்கு 0.11 மி.மீ. வீதம் விட்டம் கூடும். மூன்று சுற்று அதிகமாக இறக்கிவிட்டால் நிப்பிள் இறுகாமலேயே உள்ளே ஓடும். குறைவாக இறக்கினால் இரண்டு மூன்று மரையிலேயே பிடித்துக்கொள்ளும். அண்ணன் சொன்ன "நாலு சுத்து" கணக்குத் தவறில்லை, என்.பி.டி. அரை இஞ்சுக்குக் கையால் ஏறும் தூரம் நான்கரைச் சுற்றை ஒட்டித்தான். ஆனால் அளந்து பார்க்க எடுத்த நிப்பிள் எந்த அளவில் வெட்டப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. வெளிமரைக்கும் கூட்டல் கழித்தல் ஒரு சுற்று விலக்கு உண்டு. தப்பான கோலால் அளந்த நிலம் மாதிரி.

இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது: எல்1 பிளக் கேஜ். கையால் திருகி, அதன் வெட்டுக்குறி துளையின் முகத்தோடு சமமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும்; ஒரு சுற்று முன்பின் இருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் எத்தனையோ ஷெட்டுகளில் அந்தக் கேஜ் இல்லை, இருக்கும் இடங்களில் பீரோவில் பூட்டியிருக்கிறது. மரை வெட்டுவதைத் தடை செய்யும் ஸ்பெசிஃபிகேஷன் எழுதுபவர், அந்த ஒரு வரிக்குப் பதில் "எல்1 கேஜ் அறிக்கை தேவை" என்று எழுதியிருந்தால் நூறு இணைப்புகள் ஒழுங்காகியிருக்கும்.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயிலிருந்து ஜி.ஐ. ஃபிட்டிங் வரை எல்லாவற்றிலும் இருப்பது ஐ.எஸ். 554 மரை, பிரிட்டிஷ் வழி வந்த பி.எஸ்.பி.டி. ஆலை வரைபடங்களில் இருப்பது அமெரிக்க வழி என்.பி.டி. முன்னதன் வேர் 1841-ல் விட்வொர்த் வகுத்த 55 டிகிரிக் கோணம். பின்னது பிலடெல்பியாவில் பாஸ்கல் இரும்பாலையை நடத்திய ராபர்ட் பிரிக்ஸின் கைவேலை, 60 டிகிரி. இரண்டுக்கும் டேப்பர் ஒன்றே. ஒரு இஞ்ச் அளவில் கலந்துவிட்டால் உடனே காட்டிக் கொடுத்துவிடும்: ஒன்றில் இஞ்சுக்குப் பதினொன்றரை மரை, மற்றதில் 11. ஓரிரு சுற்றில் முரண்டு பிடிக்கும். கால் இஞ்சிலும் அப்படித்தான், 18-க்கு 19.

அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் மட்டும் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரை. சுகமாக ஏறும். இறுகவும் இறுகும். கோணம் வேறு, விட்டம் வேறு என்பதால் பக்கவாட்டு முகங்கள் ஒன்றோடொன்று படியாமல் உள்ளே சுருள் வடிவில் ஒரு வழி திறந்திருக்கும். பிளைண்டில் அதிகமாக வெட்டப்படும் அளவுகளும் இந்த இரண்டுதான் என்பது கெட்ட காலம். டெஃப்ளான் நாடாவைப் பத்துச் சுற்றுச் சுற்றினால் தண்ணீர் டெஸ்டில் நின்றுவிடும். வெந்நீரோ ஆவியோ ஓடி, குளிர்ந்து, மறுபடி சூடேறும்போது சொட்டத் தொடங்கும். அப்போது கேட்கும் பேச்சு: "அப்பவே சொன்னேன், பிளைண்ட்ல மரை வெட்டக் கூடாதுன்னு." வெட்டியது தவறல்ல. மாற்றி வெட்டியதுதான் தவறு.

ஹைட்ரோ டெஸ்ட் தாங்கியது, எனவே மரை சரி என்ற வாதத்துக்கும் இதே பதில்தான். 150 கிளாஸ் ஃபிளேஞ்சை 30 பாரில் சோதிக்கும்போது அரை இஞ்ச் பிளக்கின் மேல் விழும் தள்ளுவிசை நூற்றுப் பத்துக் கிலோவை ஒட்டி. மூன்றே மரை பிடித்திருந்தாலும் இரும்பு அதைத் தாங்கிவிடும். பத்து நிமிடம் தாங்குவதற்கும் பம்ப் பக்கத்தில் பத்து ஆண்டு ஆடிக்கொண்டே தாங்குவதற்கும் உள்ள தூரத்தை டெஸ்ட் பம்பின் முள் காட்டாது.

மரை கூடாத இடங்கள் உண்டா? தாராளமாக உண்டு. இடுக்குகளில் அரிப்பு ஏற்படக்கூடிய இடம், திரவம் உலோகத்தை அரித்துச் செல்லும் இடம், சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் இடம் ஆகியவற்றில் மரை இணைப்பைத் தவிர்க்கச் சொல்வது பி31.3-ன் சொந்த வாசகம். ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற நச்சு ஓடும் குழாயில் ஒரு சொட்டும் கசியக் கூடாது. அங்கே வெல்டுதான், அல்லது கிளையோடு சேர்த்தே ஃபோர்ஜ் செய்த ஃபிளேஞ்ச். ஹைட்ரோகார்பன் குழாயில் முதல் வால்வு வரை மரையே வேண்டாம் என்று பல எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் உள்விதியில் வைத்திருப்பதற்கும் காரணம் இருக்கிறது. பாய்லர் ஆவிக் குழாய் என்றால் இந்திய பாய்லர் விதிகளின் கீழ் ஆய்வாளரின் ஒப்புதல் இல்லாமல் எதையும் தொட முடியாது. இவற்றில் எதிலும் "தகடு வீக் ஆகிவிடும்" என்பது காரணம் அல்ல என்பதைக் கவனியுங்கள். காரணங்கள் எல்லாம் மரையைப் பற்றியவை, ஓடுகிற திரவத்தைப் பற்றியவை, அதிர்வைப் பற்றியவை. தவறான காரணத்தோடு சரியான விதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர், நிலைமை மாறும்போது விதியையும் தவறாகவே பயன்படுத்துவார்: தண்ணீர் டெஸ்டுக்கான பிளைண்டுக்கு வெல்டு கேட்பார், அதிரும் கம்ப்ரெஸர் பக்கத்தில் தாங்கல் இல்லாத கப்ளிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் செய்வார்.

டெஸ்ட் பிளைண்ட் என்றதும் துளை எங்கே வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கிடையாகக் கிடக்கும் குழாயின் முனையில் மாட்டிய பிளைண்டில் வென்ட் துளையை நடுவில் போடுவது பழக்கம். பார்க்க அழகு, மெஷினில் பிடிக்கவும் சுலபம். நடுவில் துளை என்றால் தண்ணீர் பாதி ஏறியதுமே அதன் வழியாக வழியத் தொடங்கும். மேல் பாதியில் காற்று சிறைப்படும். தண்ணீர் அமுங்காது, காற்று அமுங்கும். அமுங்கிய காற்றில் தேங்கும் சக்தி, ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும்போது வெடிப்பாக வெளிவரும். 6 இஞ்ச் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 154 மி.மீ. மையத்திலிருந்து 60 மி.மீ. மேலே தள்ளி அரை இஞ்ச் துளை போட்டால் குழாய்க்குள்ளேயே விழும், கேஸ்கெட் வளையத்தையும் தொடாது, காற்றும் ஏறக்குறைய முழுதாக வெளியேறும். தகட்டின் பலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் கூட்டங்களில் இந்த 60 மி.மீ. பற்றிப் பேச்சே வருவதில்லை.

அதிர்வுள்ள இடத்தில் மரைத் துளைதான் வழி என்று ஆகிவிட்டால் அதற்கும் மருந்து இருக்கிறது. நிப்பிளைக் குட்டையாக, கனமாக வைப்பது. வால்வையும் கேஜையும் இரண்டு திசையிலும் பட்டை கொடுத்து, அந்தப் பட்டையை அந்தக் குழாயின் ஃபிளேஞ்ச் போல்ட்டிலேயே பிடிப்பது. பக்கத்துத் தூணில் பிடித்தால் குழாய் ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம் என்று நிப்பிள் நடுவில் மாட்டிக்கொண்டு வேகமாகவே அறும். பெயின்டர் ஏணி கிடைக்காமல் அதே நிப்பிளில் கால் வைத்து ஏறுவார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஸ்டோர் யார்டில் கிடக்கும் பழைய டெஸ்ட் பிளைண்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். பல முறை கழற்றி மாட்டியதில் மரை தேய்ந்திருக்கும்; ஒன்று என்.பி.டி., இன்னொன்று பி.எஸ்.பி.டி. என்று கலந்து கிடக்கும். பழைய துளைகளை வெல்டு வைத்து அடைத்து, மேலே பெயின்ட் பூசியிருக்கும். அவசரத்துக்கு அதில் ஒன்று நிரந்தரக் குழாயில் ஏறிவிட்டால் வரைபடத்தில் அது புத்தம்புது பிளைண்டாகவே இருக்கும். மரை வெட்டியவர், அந்த நாள் முதல் அந்தத் தகட்டின் உற்பத்தியாளர்களில் ஒருவர். ஃபிளேஞ்சின் விளிம்பில் உற்பத்தியாளர் பெயருக்கும் கிளாஸுக்கும் ஹீட் நம்பருக்கும் பக்கத்தில் மரையின் வகையையும் அளவையும் எழுத்துப் பஞ்சால் அடித்து, எல்1 கேஜ் எங்கே நின்றது என்பதைப் பதிவேட்டில் எழுதி, டெஸ்டுக்கு மட்டும் என்றால் விளிம்பைச் சிவப்பாக அடித்துத் தனி ரேக்கில் வைக்க ஒரு ஃபிட்டருக்குக் கால் மணி நேரம் ஆகும். இன்ஸ்பெக்டர் கேட்டு வாங்க வேண்டிய தாள் அந்தப் பதிவேட்டின் பக்கம்தான்.